இடது சக்கரத்து வளையம்

பிரேக் டிஸ்க்கில் பல் வளையம் பொருத்துகிற எங்கள் தொழிலில், வேலை சரியாக இருக்கும்வரை நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது. வண்டியின் முகப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்த பிறகுதான் எங்களைத் தேடிக்கொண்டு சூலூர் வரை வருவார்கள்.

பல் வளையம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்து இரும்புக் கம்பி வேலியில் ஒரு குச்சியை உரசிக்கொண்டே ஓடியிருப்பீர்கள். நடந்தால் டக், டக் என்று கேட்கும். ஓடினால் டகடகவென்று கேட்கும். கண்ணை மூடிக்கொண்டு நிற்பவர்கூட அந்தச் சத்தத்தை வைத்து உங்கள் வேகத்தைச் சொல்லிவிடலாம். எங்கள் வளையம்தான் அந்த வேலி. அதன் பற்கள் கம்பிகள். பக்கத்தில் தொடாமல் நிற்கும் சென்சார்தான் குச்சி. வண்டிக்குள் இருக்கும் சின்னக் கம்ப்யூட்டர் அதைக் கேட்டுக்கொண்டே வரும். பிரேக் பிடிக்கும்போது ஒரு சக்கரத்தின் சத்தம் சட்டென்று நின்றால், அது பூட்டிக்கொண்டு வழுக்குகிறது என்று புரிந்துகொண்டு அந்தச் சக்கரத்தின் பிரேக்கைக் கணநேரம் தளர்த்திவிடும்.

வளையத்தில் விரிசல் விழுந்தால் வேலியில் ஓர் ஓட்டை விழுந்தது போல. சக்கரம் ஓடிக்கொண்டுதான் இருக்கும். கம்ப்யூட்டர் அது நின்றுவிட்டதாக நினைத்து, தளர்த்தக் கூடாத நேரத்தில் பிரேக்கைத் தளர்த்திவிடும். அவினாசி ரோட்டில் அது ஓர் எரிச்சல். மலை இறக்கத்தில் அதை எரிச்சல் என்று சொல்லிவிட முடியாது.

எங்கள் பட்டறை சின்னது. சுவருக்கு அந்தப் பக்கம் விசைத்தறி ஓடுவதால் நாங்கள் எல்லோருமே கொஞ்சம் கத்திப் பேசிப் பழகியவர்கள். பொருத்திய வளையத்தை அளந்து பார்த்து அனுப்புவது என் வேலை. வருகிறவர்களிடம் பேச்சு வாங்குவதும் என் வேலைதான். எங்காவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நின்று அடுத்தவர் பொருளைச் சரிசெய்து கொடுத்துப் பிழைக்கிறவராக நீங்கள் இருந்தால், மேற்கொண்டு விளக்கம் தேவைப்படாது.

விளக்கை மட்டும்

சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒருவர் காரோடு வந்தார். வளையத்துக்கு அடியில் துரு ஏறி, அது வளையத்தை மேலே தள்ளிப் பிளந்திருந்தது. டிஸ்க்கைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புது வளையம் போட மாலை ஆகிவிடும் என்றேன். அவர் மடியில் லேப்டாப்பைத் திறந்து வைத்தபடியே, அவ்வளவெல்லாம் எதற்கு என்று கேட்டார். வேலி, குச்சி எல்லாம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் தனக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பதைத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“ரிங் எப்படியோ போகுதுங்க, அந்த லைட் மட்டும் எரியாமப் பண்ணிக் குடுங்க. என் சம்சாரம் பக்கத்து சீட்டுல உக்காந்தா ரோட்டைப் பாக்கறதில்லை, அதையேதான் பாத்துட்டு வர்றா.”

காதுகுத்து அழைப்பு

வளையத்தைப் பொருத்துவது நாச்சிமுத்து. அவருடைய வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வளையத்தின் உள்வட்டம் டிஸ்க்கின் கழுத்தைவிட ஒரு மயிரிழை சின்னது. அதனால் அது சும்மா ஏறாது. ஓவனில் வைத்துச் சூடாக்கினால் கொஞ்சம் விரியும். விரிந்திருக்கும்போதே இடுக்கியால் எடுத்து டிஸ்க்கின் கழுத்தில் விட்டுவிட வேண்டும். ஆறியதும் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். ஒரே மூச்சில் இறங்கவில்லை என்றால் பாதி வழியில் சாய்ந்தபடி பிடித்துக்கொள்ளும். அப்புறம் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். அந்த ஒரு மூச்சு நேரத்தில் நாச்சிமுத்து யாரோடும் பேசமாட்டார். முதலாளியே கூப்பிட்டாலும் திரும்பமாட்டார்.

ஆனால் ஒருநாள் அவருடைய பங்காளி வீட்டு மாப்பிள்ளை, குழந்தைக்குக் காதுகுத்து என்று வெற்றிலைத் தட்டோடு நேரே ஓவன் அருகில் வந்து நின்றுவிட்டார். எங்கள் பக்கத்தில் அழைப்புத் தட்டை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். தட்டு நீட்டப்பட்ட பிறகு காக்க வைத்தால் அது ஒரு தலைமுறைக்கு நிற்கும். நாச்சிமுத்துவின் கையில் இடுக்கி, இடுக்கியில் வளையம். அவர் ஒரு கணம் தட்டைப் பார்த்தார். வளையம் சாய்ந்து உட்கார்ந்துவிட்டது. அதை உளியால் உடைப்பதை மாப்பிள்ளை தட்டைப் பிடித்தபடியே நின்று பார்த்தார். அந்த நேரம் பார்த்து முதலாளியும் உள்ளே வந்தார். உடைந்த துண்டுகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போனார். மறக்கவில்லை.

“ஏனுங் மச்சான், தட்டு வாங்கறதுக்குக் கை காலியாகட்டும்னுதான நின்னேன். உங்க வேலையக் கெடுக்கோணும்னு நான் வருலீங்.”

வாங்கி வைத்த தண்ணீர்

யோசேப்பு முதல் தடவை வந்தது ஒரு கார்த்திகை மாதத்துக் காலையில். வால்பாறையில் சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறார். எஸ்டேட் ஆபீசில் அவரைப் பிடித்து, சிறுநீரகம் கெட்டுப்போன ஓய்வுபெற்ற தொழிலாளிகளை வாரத்தில் இரண்டு நாள் கோயம்புத்தூருக்கு ரத்தம் சுத்திகரிக்க அழைத்துப்போகும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். விடியுமுன் கிளம்பி மலை இறங்கி, அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டு, மாலையில் கூட்டிக்கொண்டு ஏறுவார். வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வளைவுகளில் மெதுவாக வரும்போது பிரேக் மிதி காலை உதைத்தது. இடது முன் சக்கரத்தின் வளையத்தில் குறுக்கே ஒரு விரிசல். அந்தச் சக்கரத்தின் உள்பக்கம், சேறு அடிக்காமல் டிஸ்க்கை மூடியிருக்க வேண்டிய தகட்டு மறைப்பு இல்லை. சத்தம் போடுகிறதென்று எந்தக் காலத்திலோ எந்த மெக்கானிக்கோ கழற்றிப் போட்டிருக்கிறார்.

அன்று அவரோடு முருகையா என்று ஒரு பெரியவரும் வந்திருந்தார். அவருக்கு மட்டும் மதியம்தான் மெஷின் காலியாகும் என்று சொல்லிவிட்டார்களாம். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் அறையில் காலமெல்லாம் நின்றவர். எப்போதும் இடது பக்க முன் சீட் அவருக்குத்தான். எங்கள் பட்டறையில் யார் வந்தாலும் முதலில் சொம்பில் தண்ணீர் கொடுப்போம். நீட்டினேன். வாங்கிக்கொண்டார். வேலை முடியும்வரை இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போகும்போது ஒரு சொட்டுக் குறையாமல் பெஞ்சின் மேல் வைத்தார். நம் வீட்டுத் தண்ணீரைக் குடிக்க மாட்டாராமா என்று எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. என் முகத்தைப் பார்த்து யோசேப்பு விளக்கினார்: அந்த நோயில் உடம்பு தண்ணீரை வெளியேற்றாது. குடித்ததெல்லாம் கால்களிலும் நெஞ்சிலும் தங்கிவிடும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று டாக்டர் அளந்து கொடுத்திருக்கிறார். அந்த அளவை வீட்டிலேயே காலை மாத்திரையோடு முடித்திருந்தார் பெரியவர்.

நான் சொம்பை எடுக்கப் போனபோது முருகையா, தவறு செய்தவரைப் போல என்னைப் பார்த்தார்.

“வேண்டாம்னு சொன்னா குடுத்தவுகளுக்கு மனசு சங்கடமா இருக்கும். அதான் வாங்கி வச்சிக்கிட்டேன்.”

யார் மடி

பொங்கல் கழிந்து யோசேப்பு மறுபடியும் வந்தார். அதே இடது சக்கரம். நாச்சிமுத்து பொருத்தி, நான் அளந்து, சாய்வோ ஆட்டமோ இல்லை என்று அனுப்பிய புது வளையம், குறுக்கே பிளந்திருந்தது. வலது பக்கத்துப் பழைய வளையம் கல்லுப்போல இருந்தது.

இந்த முறை யோசேப்பு முகத்தில் சிரிப்பில்லை. நோயாளிகள் போகிற வண்டியில் பிரேக் விளக்கு எரியலாமா என்று எஸ்டேட் ஆபீசில் கேட்டார்களாம். இன்னொரு முறை எரிந்தால் வேன் வேண்டாம், எல்லோரும் பஸ்ஸிலேயே போய்வரட்டும் என்று முடிவாகச் சொல்லிவிட்டார்களாம். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. தப்பு எங்கே என்பதுதான் எங்களுக்குத் தெரியவில்லை. பஸ் வசதிதானே, அடிக்கடி இருக்கிறதே என்று நான் ஏதோ ஆறுதலாகச் சொல்லப் போனேன். யோசேப்பு என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. குழந்தைக்குச் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னார்.

“எறங்கறப்போ பஸ்ஸுல வந்துருவாங்க. ஏறறப்போதான் கஷ்டம். மெஷின்ல இருந்து எந்திரிச்சா தலை நிக்காதுங்க, வளைவுக்கு வளைவு வாந்தி. பாதிப் பேரு பக்கத்துல இருக்கறவங்க மடியிலதான் படுத்துட்டு வருவாங்க. பஸ்ஸுல யாரு மடி குடுப்பாங்க?”

யார் போட்ட வளையம்

முதலாளிக்கு அந்த உடைந்த வளையத்தைப் பார்த்ததும் காதுகுத்துத் தட்டு ஞாபகம் வந்துவிட்டது. நாச்சிமுத்து கவனம் சிதறி அதிகமாகச் சூடாக்கிவிடுகிறார், அதனால்தான் வெடிக்கிறது என்று தீர்மானித்துவிட்டார். நான் மறுத்துப் பார்த்தேன். அளவெல்லாம் சரியாக இருந்தது என்றேன். “அளந்தவரும் நீங்கதானுங்களே” என்றார் முதலாளி.

நாச்சிமுத்துவை ஓவனிலிருந்து எடுத்து, பழைய டிஸ்க்குகளை மண்ணெண்ணெயில் கழுவித் துருத் தேய்க்கும் வேலைக்குப் போட்டார்கள். அது புதிதாக வருகிறவர்களுக்குக் கொடுக்கும் வேலை. வருடக்கணக்கில் ஓவன் முன் நின்ற மனிதர், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தொட்டி அருகே உட்கார்ந்தார். யோசேப்பின் வண்டிக்கு வளையம் பொருத்த என்னைச் சொன்னார்கள். பொருத்தினேன். வெப்பத்தை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தேன். இறக்கும்போது மூச்சைக்கூட விடவில்லை.

மாசி முடியுமுன் அதுவும் வந்து சேர்ந்தது. இடது. குறுக்கே. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது நாச்சிமுத்து தொட்டியிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

“இது யாரு போட்டதுங்? நானா இருந்தா சூடு அதிகம்னு ஒத்துக்கலாம்னு பாத்தனுங்.”

பிளாஸ்திரி

அந்த மூன்றாம் முறை வந்தபோது வண்டிக்குள் ஏறிப் பார்த்தேன். விளக்கு எரிகிறதா என்று தெரியவில்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரி ஒன்று ஒட்டியிருந்தது. ஊசி குத்திய கையில் ஒட்டுவார்களே, அது. ஆபீஸ்காரர்கள் எட்டிப் பார்த்தால் தெரியக் கூடாதென்று யோசேப்பு ஒட்டியிருக்கிறார். சரவணம்பட்டிக்காரர் ஞாபகம் வந்தது. அவருக்கு வீட்டில் நிம்மதி வேண்டும். இவருக்கு வேன் ஓட வேண்டும்.

இப்படி மறைத்து ஓட்டுவது ஆபத்து என்று சொன்னேன். அவருக்குத் தெரியாததா? எல்லோரையும் ஏற்றிக்கொண்டு முதல் கியரிலேயே இறங்குகிறேன், பிரேக்கை நம்புவதில்லை என்றார். அப்போதுதான் ஒரு விஷயம் எனக்குப் பட்டது. நாங்கள் இதுவரை வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது போய்வருகிற பாதையை ஒருவரும் பார்க்கவில்லை. அடுத்த நடைக்கு நானும் வரட்டுமா என்று கேட்டேன். யோசேப்பு பிளாஸ்திரியின் ஓரத்தை விரலால் அழுத்தி ஒட்டிவிட்டுச் சொன்னார்.

“வாங்க. அவங்க எல்லாருக்கும் கையில ஒண்ணு ஒட்டியிருக்கும், வண்டிக்கும் ஒண்ணு. நீங்க ஒருத்தர்தான் ஒட்டாம வருவீங்க.”

இறக்கத்தில்

புது வளையம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வால்பாறை போய் யோசேப்பு வீட்டில் தங்கினேன். அடுத்த நாள் இருட்டோடு கிளம்பினோம். தொழிலாளிகளுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளின் முன்னால் ஒவ்வொருவராக நின்றிருந்தார்கள். முருகையாவின் மனைவி போர்வைச் சுருளோடு ஒரு பெரிய பாட்டில் தண்ணீரையும் அவர் கையில் கொடுத்தார். குடிக்கக் கூடாதென்று அந்த அம்மாவுக்குத் தெரியும். ஆனாலும் கோயம்புத்தூர் வரை போகிற மனிதரைத் தண்ணீர் இல்லாமல் அனுப்ப அவருக்கு மனம் வரவில்லையாம். ஆரம்பத்திலிருந்தே இப்படித்தான் என்றார் யோசேப்பு.

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். யோசேப்பு நல்ல டிரைவர். சின்ன கியரில் இறங்கினார். பிரேக்கைத் தொட்டுத் தொட்டுத்தான் பிடித்தார். இருந்தாலும் அவ்வளவு பெரிய மலை. கீழே வரும்போது சூடான இரும்பின் வாசனை வண்டிக்குள் வந்துவிட்டது. அது எல்லா வண்டியிலும் வருவதுதான். அடிவாரத்தில், ஆழியாறு வருமுன், சரிவில் ஒரு டீக்கடை. அங்கே நிறுத்தினார். சரிவில் நிறுத்தும்போது எந்தப் பழகிய டிரைவரும் செய்வதைச் செய்தார்: ஸ்டியரிங்கை இடது பக்கம் முழுக்க ஒடித்து, சக்கரம் ரோட்டோரத்து மேட்டில் முட்டும்படி விட்டார். அப்படி ஒடிக்கும்போது இடது சக்கரத்தின் உள்பக்கம் முன்னால் திரும்பிவிடும். பம்பருக்கு முன்னால் நிற்பவருக்கு டிஸ்க்கின் முதுகும் அதிலிருக்கும் வளையமும் நேராகத் தெரியும். வலது பக்கம் அப்படித் தெரியாது. தகட்டு மறைப்பும் இல்லை என்று முன்பே சொன்னேன்.

யோசேப்பும் மற்றவர்களும் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, டீக்கடையில் ஆளுக்கு ஒரு வாய் டீ என்று பகிர்ந்துகொண்டிருந்தார்கள். முருகையா போகவில்லை. பாட்டிலோடு இறங்கி, வண்டிக்கு முன்னால் வந்து, மெல்லக் குனிந்து, சக்கரத்தின் உள்பக்கமாக அந்தத் தண்ணீரை ஊற்றினார். ‘சொய்ங்’ என்று ஆவி கிளம்பியது. அவர் அவசரப்படவில்லை. சத்தம் அடங்கும்வரை பார்த்துப் பார்த்து, மிச்சம் வைக்காமல் ஊற்றினார். ஆவி அவர் முகத்தில் அடித்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

நான் அருகில் போய் நின்றதைப் பார்த்து, அவராகவே விளக்கம் சொன்னார். அவருடைய அப்பா மாட்டுவண்டி ஓட்டியவராம். இறக்கம் முடிந்ததும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் அவர் வாய் நனைக்கமாட்டாராம். பிறகு காலிப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்.

“நமக்குத்தான் குடிக்க விதியில்ல. அதுவாச்சும் குடிக்கட்டும்னு ஊத்துறேன். அந்தச் சத்தத்தக் கேட்டா, தொண்டையில எறங்குன மாதிரி இருக்கு.”

மோதிரம்

அவரிடம் சொல்லாமல் இருக்க எனக்கும் ஆசைதான். ஆனால் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருடைய பயணமும் அந்தப் பாட்டிலில் இருந்தது.

அவருடைய விரலில் ஒரு வெள்ளை வளையத் தடம் இருந்தது. மோதிரம் போட்டிருந்த இடம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். கை வீங்கிப்போய், சோப்பு போட்டுக் கழற்ற வேண்டியதாயிற்று என்றார். அதையே பிடித்துக்கொண்டேன். டிஸ்க் சூட்டில் வீங்கிய விரல் மாதிரி, அதன்மேல் இருக்கும் வளையம் மோதிரம் மாதிரி என்றேன். இரண்டும் சேர்ந்து சூடாகி, சேர்ந்து ஆறினால் ஒன்றுமில்லை. மோதிரத்தின் மேல் மட்டும் பச்சைத் தண்ணீர் விழுந்தால் அது சட்டென்று சுருங்கும். விரல் வீங்கியபடியேதான் இருக்கும். இரும்புத் தூளை அழுத்திச் செய்த வளையம் அது, இழுத்தால் நீளாது. ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் பிளந்துவிடும்.

முருகையா தன் விரலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். டீக்கடையில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றி வந்து நின்றிருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அவரை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். அவர் என்னை விட்டுவிட்டு டிரைவர் பக்கம் திரும்பினார்.

“யோசேப்பு, ஆபீசுல சொல்லிறாதப்பா. சொன்னா மத்தவுகளுக்கு வேனு, எனக்கு மட்டும் பஸ்ஸுன்னுருவாக.”

ஓவன் திரும்பியது

பட்டறைக்கு வந்து நடந்ததைச் சொன்னேன். முதலாளி முழுதும் கேட்டார். நாச்சிமுத்துவும் தொட்டியில் கையை வைத்தபடியே கேட்டார். மன்னிப்புக் கேட்பது எங்கள் பட்டறையில் வழக்கமில்லை. முதலாளி ஓவன் பக்கம் போனார், கதவைத் திறந்து மூடினார், சுவரைப் பார்த்து இருமினார்.

“ஏனுங் நாச்சிமுத்து, ஓவன் சும்மா காயுது. வந்து பாத்துக்கறீங்களா?”

தகடு

யோசேப்பு அதற்குப் பிறகு மாதக்கணக்கில் வரவில்லை. எங்கள் தொழிலில் அது நல்ல சேதி. நாச்சிமுத்து மட்டும் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்குத் தகட்டு மறைப்பு கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் நான் அந்த வண்டியில் வந்து இறங்கிய அன்றே வலது பக்கத்துத் தகட்டை அட்டையில் வரைந்து வைத்திருந்தவர், அதைத் திருப்பிப் போட்டு, சாப்பாட்டு நேரங்களில் தகரம் வெட்டி, விளிம்பு மடித்து, இடது பக்கத்துக்கு ஒன்று செய்து முடித்துவிட்டார். அது அலமாரி மேல் பேப்பர் சுற்றி இருந்தது. யோசேப்புக்குப் போன் செய்து, எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால் மாட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லியிருந்தோம்.

ஐப்பசி மழையில் ஒருநாள் வந்தார். தனியாக வந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், குடித்தார். நாச்சிமுத்து சக்கரத்தைக் கழற்றி வளையத்தைப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பல்லுக்குப் பல் புதிதுபோல இருந்தது. தகட்டைப் பொருத்தி, உள்பக்கம் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றியும் காட்டினார். ஒரு சொட்டு டிஸ்க்கில் படாமல் வழிந்து கீழே போயிற்று. அவர் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று சிரித்தார். இனி உங்கள் பெரியவரைக் குடம் குடமாக ஊற்றச் சொல்லுங்கள், வளையத்துக்கு ஒன்றும் ஆகாது என்றார்.

யோசேப்பு ஈரமாகிக் கிடந்த தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார். ஊற்றக் கூடாது என்று ஆன பிறகும் அந்த அம்மா பாட்டிலைக் கொடுத்து அனுப்பிக்கொண்டுதான் இருந்தாராம். முருகையா அடிவாரத்தில் இறங்கி, அதே இடத்தில், பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருப்பாராம். தரையில் கொட்ட அவருக்கு மனம் வரவில்லை. முதலில் வாயை நனைத்துக்கொள்ளத்தான் ஆரம்பித்திருக்கிறார். பிறகு அது மடக்கு மடக்காக ஆனதை யாரும் கவனிக்கவில்லை. ஆவணியில் ஒரு காலையில், சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தும் மூச்சு வாங்க முடியாமல் வந்திருக்கிறார். நெஞ்செல்லாம் தண்ணீர் என்றார்களாம் ஆஸ்பத்திரியில். அன்று மாலை வேன் அவர் இல்லாமல்தான் மலை ஏறியது. அந்த முன் சீட்டில் இப்போது வேறொருவர் வருகிறார்.

நாச்சிமுத்து சொம்பைக் கீழே வைத்துவிட்டு, சக்கரத்தைத் தூக்கி மாட்டி, நட்டுகளை ஒவ்வொன்றாக இறுக்கினார். இறுக்கி முடிந்ததும் மறுபடியும் முதலிலிருந்து இறுக்கினார். யோசேப்பு வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, முகப்பில் ஒரு விளக்கும் எரியவில்லை என்று எங்களுக்குக் கைகாட்டினார்.

“ரிங்கு நல்லா இருக்குதுங்க. அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது.”

பொருத்தி அனுப்பியது திரும்பி வராவிட்டால் வேலை சரியாக முடிந்தது என்பது எங்கள் தொழில் கணக்கு. அதே கணக்கை ஆட்களுக்கும் போட்டுப் பார்க்காத வரைக்கும் ஓரளவு தூக்கம் வருகிறது.